கல்லிடைக்குறிச்சி வக்கீலும் டொரண்டோ அரைமண்டியும்

1/
மக்களே, இன்னிக்கு மாத்திரை, தடுப்பூசி, சுகர் எதுவும் கிடையாது. கொஞ்சம் நீளமான வரலாற்று த்ரெட். ஒரு டீயைப் போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
சனிக்கிழமை காலையில டொரண்டோ, லண்டன், சூரிச், ஆஸ்லோ, சிகாகோன்னு எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வெளியே பனி. உள்ளே ஒரு பள்ளிக்கூட ஹால், இல்லேன்னா ஒரு வீட்டோட பேஸ்மெண்ட். பத்துப் பதினைந்து பிள்ளைகள் அரைமண்டியில நிக்கும். டீச்சர் தட்டுக்கழியால தட்டுவாங்க. தெய்யா தெய்.

3/
அதுல பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆச்சியோட போன்ல பேசச் சொன்னா ரெண்டு வார்த்தைக்கு மேல ஓடாது. ஆனா "தாமரை காட்டு"ன்னா விரல் தானா விரியும்.

இந்தக் கலை அங்கே எப்படிப் போச்சு? யார் கொண்டு போனாங்க? போற வழியில யாரை விட்டுட்டுப் போனாங்க? அதுதான் இன்னிக்கு மேட்டர். அந்த வழி நம்ம தாமிரபரணிக் கரையைத் தொட்டுத்தான் போகுது.

4/
முதல்ல ஒரு பொதுவான நம்பிக்கையைச் சரி பண்ணிக்குவோம். "பரதநாட்டியம் ரெண்டாயிரம் வருஷமா இப்படியே இருக்கு" என்பார்கள். ஆடல் பழசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இன்னிக்கு மேடையில நாம பார்க்கிற வடிவமும் அந்தப் பெயரும் அவ்வளவு பழசு இல்லை. பெயர் பொதுப் புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். அதுக்கு முன்னாடி அது சதிர். சின்னமேளம்னும் சொல்வாங்க.

5/
சிவன் ஆடிய ஐந்து சபைகள்னு ஒரு கணக்கு உண்டு. சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிச்சபை, திருவாலங்காடு ரத்தினசபை, திருநெல்வேலி தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை. ஐந்தில் ரெண்டு நம்ம பக்கம். நெல்லையப்பர் கோயிலுக்குப் போறவங்க தாமிரசபையை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.

ஆடின சாமிக்குச் சபை கட்டின ஊர்கள்லதான், ஆடின பெண்களோட பெயர் கடைசியில கெட்ட வார்த்தையாச்சு. "தேவரடியார்" என்ற சொல் இன்னிக்குத் தெருச்சண்டையில என்னவா இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

6/
சதிருக்கு இன்னிக்கு இருக்கிற வரிசை எப்படி வந்துச்சு? அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இதை ஒழுங்குபடுத்தினவங்க தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி. நாலு பேரும் அண்ணன் தம்பிகள், நட்டுவனார் குடும்பம்.

இதுல வடிவேலு தஞ்சாவூரை விட்டுத் திருவனந்தபுரம் போய் சுவாதித் திருநாள் அரசவையில சேர்ந்தார். அதாவது வேலை தேடி ஊர் மாறின கலைஞர் அப்பவே இருந்திருக்காரு.

7/
கடல் தாண்டின கதையும் பழசுதான். 1838. கடலூர் பக்கத்துல திருவந்திபுரத்துல இருந்து சில தேவதாசிகளையும் வாத்தியக்காரர்களையும் ஒரு பிரெஞ்சு ஏஜெண்ட் ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்குக் கூட்டிட்டுப் போனார். பிறகு லண்டன். அந்தக் குழுவில இருந்த அம்மணி என்ற பெண்ணைப் பத்தி தியோஃபில் கோத்தியே மாதிரியான பெரிய பிரெஞ்சு எழுத்தாளர் உருகி உருகி எழுதினார். வெண்கலச் சிலைகூட வடிச்சாங்க.

ஆனா அங்கே யாரும் அவங்ககிட்ட ஆடக் கத்துக்கலை. பார்த்தாங்க, வியந்தாங்க, அவ்வளவுதான்.

8/
அதே நூற்றாண்டுல வேற கப்பல்களும் போச்சு. 1860 நவம்பர்ல சென்னையிலிருந்து "ட்ரூரோ" கப்பல் கூலித் தொழிலாளர்களோட தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. இலங்கை மலைநாட்டுக்கும் மலாயாவுக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல இருந்து ஆயிரம் ஆயிரமா சனங்க போனாங்க. நம்ம பக்கத்து ஆட்கள் தூத்துக்குடியில ஏறி இலங்கையில இறங்கினாங்க. பஞ்சம், கடன், சாதிக் கொடுமை. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

9/
அவங்க கையில சதிர் இல்லை. சதிர் கோயிலுக்கும் அரண்மனைக்கும் ஜமீன் கல்யாணத்துக்கும் உரியதா இருந்துச்சு. அவங்க எடுத்துட்டுப் போனது கூத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயன்கள்ல காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்கள்ல தெருக்கூத்து.

நாள் முழுக்க உழைச்சுட்டு ராத்திரி தப்பு அடிச்சு ஆடினவங்க பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தாங்க. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழர் நடனம் கத்துக் கொடுத்த முதல் வாத்தியார்கள் இவங்கதான். யாரும் இவங்களுக்குப் பொன்னாடை போர்த்தலை.

10/
எங்க தொழில்காரங்களும் அதே பாதையில போனாங்க. பத்தமடையில பிறந்து மருத்துவம் படிச்ச குப்புசாமி 1913ல மலாயா போய் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1923ல திரும்பி வந்தார். பின்னாடி ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஆள் அவர்தான்.

ஆக, இந்தப் பள்ளத்தாக்குல இருந்து கூலியாவும் போயிருக்காங்க, டாக்டராவும் போயிருக்காங்க. இந்த ரெண்டு வகையையும் மனசுல வச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

11/
இப்ப கதையின் நடுப்பகுதி. ரெண்டு பேர். ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் வக்கீல்.

டாக்டர் யார்னு சொல்லணுமா? முத்துலட்சுமி ரெட்டி. 1886ல புதுக்கோட்டையில பிறந்தவர். 1912ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினவர். சென்னை சட்டசபையின் துணைத் தலைவர். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் அவரோட கனவு. அவங்க அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்துல வந்தவங்க.

12/
சின்னப் பிள்ளைகளுக்குக் கோயில்ல பொட்டுக் கட்டுறதை நிறுத்தணும் என்பதுதான் அவர் போராட்டம். அது அவருக்கு வெறும் ஒழுக்கப் பிரச்சினை இல்லை. பால்வினை நோயோட வர்ற பெண்களை ஒரு மருத்துவராப் பார்த்தவர். பென்சிலின் இல்லாத காலம் அது. சிபிலிஸ் வந்தா என்ன ஆகும்னு எங்களுக்குப் பாடப் புத்தகத்துல படம்தான் இருக்கு. அவர் நேர்ல பார்த்தார்.

1929ல கோயில் மானிய நிலங்களைப் பொட்டுக்கட்டுச் சேவையிலிருந்து விடுவிக்கிற சட்டத் திருத்தம். முழுத்தடைச் சட்டம் 1947ல.

13/
அந்தச் சமூகத்துக்குள்ளேயே ரெண்டு குரல் இருந்துச்சு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இந்த முறையே ஒழியணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. இன்னொரு பக்கம், பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களும் சென்னை தேவதாசிகள் சங்கமும் "எங்க சொத்துரிமையும் கலையும் போயிடும்"னு எதிர்த்தாங்க. ரெண்டு குரலையும் கேக்கணும். ஒண்ணை மட்டும் கேட்டா வரலாறு பாதிதான்.

14/
இப்ப வக்கீல். இ. கிருஷ்ணய்யர். பிறந்தது 1897ல. ஊர், அப்பளத்துக்குப் பேர்போன நம்ம கல்லிடைக்குறிச்சி!

சென்னை உயர்நீதிமன்ற வக்கீல். சுதந்திரப் போராட்டக்காரர். பாரதி பாட்டை மேடைக்கு மேடை பாடினவர். நாடகத்துல பெண் வேஷம் கட்டப் போய், அதுக்காக ஆடக் கத்துக்கப் போய், அந்த ஆட்டத்துலயே விழுந்துட்டார். மெலட்டூர் நடேசய்யர்கிட்ட முறையாக் கத்துக்கிட்டார்.

15/
அப்புறம் அவர் பண்ணினதுதான் ஆச்சரியம். சதிர்னாலே முகத்தைச் சுளிக்கிற காலம். அந்த நேரத்துல, கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுட்டுப் போற ஒரு பிராமண வக்கீல், சேலை கட்டி, நகை போட்டு, சலங்கை கட்டிப் பொது மேடையில ஆடினார். "இது கேவலமான கலை இல்லை, பாருங்க"ன்னு தன் உடம்பை வச்சே வாதாடினார். இன்னிக்குப் பையன் பரதம் கத்துக்கிட்டா கிண்டல் பண்ணுற நம்ம சனங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்த இந்தக் கல்லிடைக்குறிச்சிக்காரரைக் கொஞ்சம் யோசிக்கணும்.

16/
1932 கடைசியில இந்த டாக்டருக்கும் வக்கீலுக்கும் பத்திரிகையில பெரிய கடிதப் போர் நடந்துச்சு. பொது நிகழ்ச்சிகள்ல தேவதாசி நடனம் வைக்கக் கூடாதுன்னு முத்துலட்சுமி எழுதினார். முறையை ஒழியுங்க, கலையை ஒழிக்காதீங்கன்னு கிருஷ்ணய்யர் பதில் எழுதினார். ஊரே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு படிச்சது. அன்னிக்கு ட்விட்டர் இருந்திருந்தா ஒரு வாரம் ட்ரெண்டிங்தான்.

17/
கிருஷ்ணய்யர் எழுதினதோட நிக்கலை. மியூசிக் அகாடமி செயலாளர்கள்ல அவரும் ஒருத்தர். 1931 மார்ச் 15 அன்னிக்கு அகாடமி மேடையிலேயே திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ரெண்டு பேரையும் ஆட வச்சார். 1933 ஜனவரியில மறுபடியும். தொடர்ந்து பாலசரஸ்வதி போன்ற மரபுக் கலைஞர்களும் அகாடமி மேடை ஏறினாங்க. சபா உறுப்பினர்கள் குடும்பத்தோட வந்து உட்கார்ந்து பார்த்தாங்க.

18/
சதிர் பார்த்து மனசு மாறினவங்கள்ல ஒருத்தர் மதுரையில பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கத்துக்கிட்டு 1935ல அடையாறு தியாசபிகல் சொசைட்டியில ஆடினார். 1936ல தொடங்கினதுதான் பின்னாடி கலாக்ஷேத்ரா ஆச்சு. உடை மாறுச்சு, மேடை மாறுச்சு, சிருங்காரம் குறைஞ்சு பக்தி கூடுச்சு. சதிர் பரதநாட்டியம் ஆச்சு. நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கன்னு சொல்லப்பட்டவங்க வரிசையில நின்னாங்க.

19/
யார் ஜெயிச்சாங்க? ரெண்டு பேரும்தான். பொட்டுக்கட்டு ஒழிஞ்சது, கலை பிழைச்சது. தோத்தவங்க மூணாவது ஆளுங்க.

எங்க பாஷையில சொல்றேன். இது ஒரு உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை. ஒரு உடம்புல இருந்து இதயத்தை எடுத்து இன்னொரு உடம்புல வச்சாங்க. புது உடம்புல அது நல்லாத் துடிக்குது. உலகமே கைதட்டுது. இன்னிக்கு நம்ம அரசு உறுப்பு தானம் செஞ்சவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு நடத்துது. அன்னிக்கு அந்தத் தானம் கொடுத்தவங்ககிட்ட யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கலை. அவங்க பெயரும் கேஸ் ஷீட்டுல இல்லை.

20/
நிலம் போச்சு, மேடை போச்சு, மரியாதை முன்னமே போச்சு. பல வீடுகள்ல பாட்டி ஆடினாங்க என்பதையே பேத்திக்கு மறைச்சாங்க. விராலிமலை முத்துக்கண்ணம்மாள் அந்தக் கோயில்ல சேவை செஞ்ச கடைசித் தலைமுறை. அவங்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது 2022ல. கிருஷ்ணய்யருக்கு 1966லேயே கிடைச்சிருச்சு. ஐம்பத்தாறு வருஷ இடைவெளி. நான் மேல ஒண்ணும் சொல்லலை.

21/
சரி, இதுக்கும் டொரண்டோவுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

சதிர் ஒரு வீட்டுக்குள்ள இருந்த வித்தை. அம்மா பாடணும், பாட்டி பதம் சொல்லித் தரணும், நட்டுவனார் வருஷக்கணக்கா வீட்டுல வந்து உட்காரணும், கோயில் வேணும், திருவிழா வேணும். அதைப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போக முடியாது.

பள்ளிக்கூடமா மாறினதும் பாடத்திட்டம் வந்துச்சு, வகுப்பு வந்துச்சு, நோட்டுப் புத்தகம், டிப்ளமா, கொஞ்ச காலத்துல கேசட். இப்ப அது விமானம் ஏறத் தயார்.

22/
முதல் நிறுத்தம் தென்கிழக்காசியா. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949. 1952ல கே.பி. பாஸ்கர் அங்கே நடனப் பள்ளி தொடங்கினார். பிறகு வந்து சேர்ந்த சாந்தா பாஸ்கர் தன் வாழ்நாள் பூரா அங்கேயே கத்துக் கொடுத்தார். கலாக்ஷேத்ராவில படிச்ச சத்தியலிங்கம், நீலா தம்பதி இலங்கையிலிருந்து போய் 1977ல அப்சராஸ் ஆர்ட்ஸ் ஆரம்பிச்சாங்க. 1981ல கோலாலம்பூர்ல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்.

தோட்டத் தொழிலாளியோட பேத்தியும் அங்கே மேடை ஏறினா. அவ தாத்தா லயன்ல ஆடின கூத்து அந்த மேடையில இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

23/
அமெரிக்காவுக்கு ஆரம்ப காலத்துல போன பெரிய ஆட்கள்ல ஒருத்தர் மரபுக் குடும்பத்துக்காரர் என்பது இந்தக் கதையில ஒரு வேடிக்கை. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. 1962ல அமெரிக்கா போனார். கனெக்டிகட்ல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல கத்துக் கொடுத்தார். தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவர்கிட்ட பதம் கத்துக்கிட்டாங்க. சிருங்காரத்துக்காக இங்கே மன்னிப்புக் கேக்க வேண்டியிருந்துச்சு. அவர் கடைசி வரைக்கும் கேக்கலை.

24/
1965ல அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாத்துச்சு. டாக்டர், இன்ஜினியர், விஞ்ஞானிகளுக்குக் கதவு திறந்தது. இப்ப போனவங்க கூலிகள் இல்லை, பட்டதாரிகள். பலரோட மனைவிமார் சின்ன வயசுல பரதம் கத்துக்கிட்டவங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடவு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்ச ஹால்களும் பேஸ்மெண்ட்களும் பள்ளிகளாச்சு.

சிகாகோவில 1975ல ஹேமா ராஜகோபாலன். கலிபோர்னியா சான் ஹோசேயில 1980ல மைதிலி குமார். மினியாபொலிஸ்ல ராணி ராமசாமி. இப்ப இவங்க மகள்களும் ஆடுறாங்க, கத்துக் கொடுக்கிறாங்க.

25/
ஏன் நடனம்? பாட்டு இருக்கு, மொழி வகுப்பு இருக்கு, கோயில் இருக்கு.

நான் நினைக்கிறது இதுதான். மொழி, பள்ளிக்கூடம் போன ரெண்டாவது வருஷமே வாயை விட்டுப் போயிடுது. வெளியே போனா உடம்பு வேற மாதிரி நிக்குது, வேற மாதிரி உடுத்துது. பெத்தவங்களுக்கு ஒரு பயம், "இது நம்ம பிள்ளைதானா?"ன்னு. நாக்கு மறந்ததை உடம்பாவது ஞாபகம் வச்சுக்கட்டுமேன்னு கொண்டுபோய் விடுறாங்க. பிள்ளைக்கும் அங்கே தன்னை மாதிரியே பொட்டு வச்ச பத்துப் பேர் கிடைக்கிறாங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

26/
ஆனா அங்கே போய் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மாறிப்போச்சு: அரங்கேற்றம்.

அரங்கம் ஏறுறது என்றால் தொடக்கம். பாலசரஸ்வதி ஏழு வயசுல காஞ்சிபுரத்துல ஏறினார், அதுக்கப்புறம்தான் வாழ்க்கை. அங்கே அது பலருக்குப் பட்டமளிப்பு விழா. பதினாறு, பதினேழு வயசு. ஹால் வாடகை, சென்னையிலிருந்து வரவழைச்ச பாட்டு, மிருதங்கம், பட்டு, அழைப்பிதழ், சாப்பாடு. ஒரு குட்டிக் கல்யாணம். அடுத்த வருஷம் பிள்ளை காலேஜ் போயிடும். சலங்கை அலமாரிக்குப் போயிடும். இது எல்லாருக்கும் பொருந்தாது, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

27/
கனடா. மேனகா தாக்கர் 1970கள்லேயே டொரண்டோவில பள்ளி தொடங்கினார். இன்னொருத்தர் லதா படா. 1985 ஜூன் 23ல கனிஷ்கா விமானத்துல குண்டு வெடிச்சு 329 பேர் செத்தாங்க. அதுல அவர் கணவரும் ரெண்டு மகள்களும் போனாங்க. அந்தப் பெண் நடனத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னார். 1990ல சம்பிரதாயா என்ற நடன நிறுவனத்தை ஆரம்பிச்சார். தன் இழப்பையே ஒரு நடனப் படைப்பாகவும் செஞ்சார். துக்கத்துக்கு எங்ககிட்ட மாத்திரை இருக்கு, பல நேரம் அவசியமும்கூட. ஆனா மாத்திரை போற தூரம் கொஞ்சம்தான்.

28/
1983 ஜூலைக்கு அப்புறம் வேற ஒரு கூட்டம் கடல் தாண்டுச்சு. ஈழத் தமிழர்கள். வேலை விசாவில போனவங்க இல்லை, உயிரைப் பிடிச்சுக்கிட்டுப் போனவங்க. அவங்க கையிலும் பரதம் இருந்துச்சு. யாழ்ப்பாணத்துல வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாத் தேர்வு வச்சு, கடைசியில ஆசிரியர் தரம் வரைக்கும் சான்றிதழ் கொடுக்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்தது. மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்துல படிச்ச டீச்சர்கள் பல நாடுகளுக்கும் சிதறிப் போனாங்க.

29/
அதனாலதான் சூரிச், ஆஸ்லோ, பாரிஸ், லண்டன், டொரண்டோன்னு எங்கே போனாலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியோட நடன வகுப்பும் ஒட்டிக்கிட்டு இருக்கும். தேர்வும் இருக்கும். பகலில் ஹோட்டல்ல பாத்திரம் கழுவின அப்பா, ஆபீஸ் கூட்டிப் பெருக்கின அம்மா, சனிக்கிழமை பிள்ளையோட சலங்கைப் பையைத் தூக்கிட்டு ரயில் ஏறினாங்க. கண்ணன் வெண்ணெய் திருடின கதையோட, எரிஞ்ச வீட்டின் கதையும் கடலில் போன அண்ணனின் கதையும் அந்த மேடைகள்ல வந்துச்சு. நாடு இல்லாதவனுக்கு மேடையில ஒரு மணி நேரம் நாடு கிடைச்சது.

30/
பிரிட்டன் இதை அரசு அங்கீகாரம் வரைக்கும் கொண்டு போச்சு. லண்டன் பாரதிய வித்யா பவன் 1972லிருந்து. தாரா ராஜ்குமார் 1979ல அகாடமி என்ற அமைப்பைத் தொடங்கினார். சென்னையில பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988ல தன் குழுவை ஆரம்பிச்சு, லண்டன் தெருவில வளர்ந்த உடம்பு என்ன பேசும்னு பரதத்தை வச்சே கேட்டார். பாலே கத்துக் கொடுக்கிறவங்களுக்குச் சான்று கொடுக்கிற பெரிய ஆங்கிலேய சங்கம் 1999ல தெற்காசிய நடனத்துக்குத் தனிப் பிரிவு தொடங்குச்சு. 2015ல பிபிசி இளம் நடனக் கலைஞர் போட்டியில தெற்காசிய நடனம் ஒரு தனிப் பிரிவு.

31/
டாக்டர் த்ரெட்ல உடம்பைப் பத்திப் பேசாம போக முடியுமா? பிள்ளைகளைச் சேர்க்கிற பெத்தவங்களுக்கு, உள்ளூரோ வெளியூரோ:

அரைமண்டியில பாதம் வெளியே திரும்புறது இடுப்பு மூட்டுல இருந்து வரணும். இடுப்பு எவ்வளவு திரும்பும்னு எலும்பு அமைப்பு பெருமளவு முடிவு பண்ணுது, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இடுப்பு திரும்பாதப்ப பாதத்தை மட்டும் திருப்பச் சொன்னா முழங்கால்தான் விலை கொடுக்கும்.

சிமெண்ட் தரையிலயும் டைல்ஸ்லயும் வெறுங்காலோட ஓங்கி மிதிக்கிறது கணுக்காலுக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் ஆகாது. மரத்தரை நல்லது.

குளிர்ல நேரா அடவுக்குப் போகாதீங்க. உடம்பைச் சூடாக்கிட்டுத் தொடங்கணும்.

ஒரே இடத்துல, தொட்டா வலிக்கிற எலும்பு வலி ரெண்டு வாரம் தாண்டினா டாக்டரைப் பாருங்க. "அரங்கேற்றம் முடியட்டும்"னு தள்ளிப் போடாதீங்க.

32/
மனசுக்கும் ஒரு குறிப்பு. "இந்த நிறத்துக்கு ரெண்டு கோட் பவுடர் போடு", "குண்டா இருக்கிறவளைப் பின்வரிசையில நிறுத்து" என்ற பேச்சை அந்தப் பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்துலயும் கேக்குது. நடன வகுப்புலயும் அதையே கேட்டா, அப்புறம் அது எங்கே போகும்? சாதியும் அப்படித்தான். பெட்டி படுக்கையோட அதுவும் விமானம் ஏறிடுது. இசை வேளாளர் மரபுல வந்த நிருத்யா பிள்ளை போன்றவர்கள் இன்னிக்கு இதை வெளிப்படையாப் பேசுறாங்க. கேக்கக் கசக்கும். மருந்து கசக்கத்தான் செய்யும்.

33/
இப்ப நம்ம ஊருக்கு வாங்க. "புலம்பெயர்ந்த இளைஞர்கள்"னு சொன்னதும் நமக்கு டொரண்டோதான் ஞாபகம் வருது. பெருமாள்புரமும் கங்கைகொண்டானும் ஞாபகம் வர்றதில்லை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. 2021ல அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்"னு மாத்துச்சு. நல்ல மாற்றம்.

34/
ஒரே ஊர்ல இருந்து 1983க்குப் பிறகு கிளம்பின அண்ணன் தம்பி ரெண்டு பேரை நினைச்சுப் பாருங்க. அண்ணன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். தம்பி படகுல ராமேஸ்வரம் வந்து, முகாமுக்கு வந்தார். அண்ணன் மகள் டொரண்டோவில பிறந்ததால கனடாக் குடிமகள், அவளுக்கு அரங்கேற்றம். தம்பி மகள் நெல்லையில பிறந்தவ, நெல்லைத் தமிழ் பேசுறவ. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தா மட்டும் குடியுரிமை கிடையாதுன்னு நம்ம சட்டம் சொல்லுது. அவ எந்த நாட்டுப் பிள்ளைன்னு அவளுக்கே தெரியாது.

35/
மருத்துவ முகாமுக்குப் போறப்ப பார்த்திருக்கேன். ரத்தசோகை பரிசோதனைக்கு வரிசையில நிக்கிற பிள்ளைகள்ல ரெண்டு, காத்திருக்கிற நேரத்துல செல்போன் வீடியோ பார்த்துத் தட்டடவு போட்டுக்கிட்டு இருக்கும். சொல்லித் தர ஆள் இல்லாமலே முத்திரை பாதி சரியா இருக்கும். கேட்டா "சும்மா சார்"னு ஓடிடும்.

36/
நெல்லையில மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. நாதஸ்வரம், தவில், தேவாரத்தோட பரதமும் மூணு வருஷச் சான்றிதழ் படிப்பு, அரசுக் கட்டணத்துல. நம்ம ஊர்லயே பல பேருக்குத் தெரியாது. அந்த வாசலுக்கும் முகாம் வாசலுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு டவுன் பஸ் தூரம்தான். அந்தப் பிள்ளைகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். வெளிநாட்டுல அரங்கேற்றம் நடத்துற குடும்பங்கள், அந்தச் செலவுல ஒரு சின்னப் பங்கை இங்கே ஒரு பிள்ளையோட சலங்கைக்கும் பஸ் காசுக்கும் ஒதுக்கினா யாரும் ஏழையாகிட மாட்டாங்க.

37/
இன்னொரு வேண்டுகோள். உங்க அக்கா மகளோ அண்ணன் மகனோ எங்கேயாவது மேடை ஏறப்போறாங்கன்னா, அழைப்பிதழ்ல குருவுக்கு நன்றி, தாத்தா பாட்டிக்கு நன்றின்னு போடுவீங்க. அதுக்குக் கீழே ஒரு வரி சேருங்க. திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள், விராலிமலை முத்துக்கண்ணம்மாள், பெயர் தெரியாம போன மத்த பெண்கள். இந்தக் கலையை அவங்க வீட்டுலதான் வளர்த்தாங்கன்னு பிள்ளைக்குச் சொல்லுங்க. கல்லிடைக்குறிச்சி வக்கீலையும் புதுக்கோட்டை டாக்டரையும் சேர்த்தே சொல்லுங்க. பதினாறு வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதை புரியும். நாம நினைக்கிறதைவிட நல்லாவே புரியும்.

38/
முகாம் பிள்ளைகளுக்கு வார இறுதியில அடவு சொல்லித் தர விருப்பம் உள்ள டீச்சர்கள் நெல்லை, பாளையங்கோட்டை, அம்பை பக்கம் இருந்தா கீழே எழுதுங்க. நாளைக்கு வழக்கம்போல சுகர் மாத்திரை த்ரெட்ல பார்ப்போம்.